பெங்களூர்ல செகண்ட் ஹேண்ட் கேரவன் டிரெய்லர்: முதல் தடவை வாங்குறவங்க கேக்குற கேள்விகள்

அல்சூர்ல இருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் நம்மாளுங்க நிறைய பேர் டிரெய்லர் வாங்கலாமான்னு கேட்டுட்டே இருக்காங்க, கேக்குற சந்தேகமும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், பழைய டிரெய்லர்ல காசை முழுங்கறது பேப்பரும் மழைத்தண்ணியும்தான். கட்டில், கிச்சன், லைட்டு எல்லாம் எப்ப வேணா மாத்திக்கலாம்.

கேம்பர் வேன், கேரவன், டிரெய்லர் எல்லாம் ஒண்ணுதானே ப்ரோ?

இல்லைங்க. ஷூட்டிங் ஸ்பாட்ல நடிகர்களுக்கு நிக்குற பெரிய வண்டியையும் கேரவன்னுதான் சொல்றோம், டெம்போ டிராவலர உள்ள மாத்தி கட்டில் போட்டதையும் அப்படித்தான் சொல்றோம். அதெல்லாம் சொந்தமா இன்ஜின் இருக்குற வண்டி. நான் இங்க பேசறது இன்ஜின் இல்லாம, கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற டிரெய்லர்.

இதுல வசதி என்னன்னா போற இடத்துல டிரெய்லரை கழட்டி நிறுத்திட்டு கார்ல ஊர் சுத்தலாம், இன்ஜின் சர்வீஸ் செலவு கிடையாது. கஷ்டம் என்னன்னா ரிவர்ஸ் எடுக்கறதும் நிறுத்த இடம் தேடறதும். ரிவர்ஸ் பழகாம ஊருக்குக் கிளம்பவே கிளம்பாதீங்க, ஞாயித்துக்கிழமை காலைல காலியா இருக்குற ஒரு லேஅவுட்ல ரெண்டு கோன் வெச்சுப் பழகுங்க, ஸ்டீயரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு டிரெய்லரோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினா சீக்கிரம் பிடிபட்டுடும்.

எங்கிட்ட காம்பாக்ட் எஸ்யூவி இருக்கு, இழுத்துடும்ல?

இழுத்துடும், நிறுத்தறதுதான் கஷ்டம். முதல்ல காரோட ஓனர் மேனுவலை எடுத்து டோயிங் பக்கத்தைப் பாருங்க, பிரேக் இருக்குற டிரெய்லருக்கு எவ்வளவு, பிரேக் இல்லாததுக்கு எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருக்கணும். நம்ம ஊர்ல விக்குற நிறைய கார் மேனுவல்ல இந்த நம்பரே இருக்காது, சிலதுல இழுக்கவே கூடாதுன்னு போட்டிருக்கும். நம்பர் இல்லைன்னா கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல வாங்குங்க, ஷோரூம்ல சேல்ஸ் பையன் வாயால சொல்றது வாரன்டி பிரச்சனை வந்தா நிக்காது.

அடுத்தது எடை. இந்தியாவுல டிரெய்லரை டி1, டி2, டி3, டி4ன்னு பிரிச்சிருக்காங்க, மொத்த எடை 750 கிலோ வரைக்கும் டி1, அதுக்கு மேல 3.5 டன் வரைக்கும் டி2. விக்கறவர் சொல்றது எப்பவும் காலி எடை. 100 லிட்டர் தண்ணி ஏத்தினாலே 100 கிலோ, அப்புறம் பேட்டரி, கேஸ், பாத்திரம், மெத்தை, பசங்க சைக்கிள்னு ஏறிட்டே போகும், அதனால வாங்கறதுக்கு முன்னாடியே லாரி எடை போடற வே பிரிட்ஜ் ஒண்ணுல ஏத்திப் பாத்துடுங்க, ஓசூர் ரோட்ல நிறைய இருக்கு. என் கருத்து, சின்ன காருக்கு 750 கிலோவுக்குள்ள இருக்குற டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவம்) மாதிரி குட்டி டிரெய்லர்தான், அதுவும் மேனுவல் அனுமதிச்சா. ஆள் நிமிர்ந்து நிக்குற உயரத்துல உள்ளதுக்கு ஸ்கார்ப்பியோ, வி கிராஸ், ஃபார்ச்சூனர் மாதிரி லேடர் ஃப்ரேம் வண்டி, அதாவது தனி இரும்புச் சட்டத்து மேல உடம்பை வெச்ச வண்டி வேணும், அதுக்கும் மேனுவல்தான் கடைசி வார்த்தை.

பேப்பர்ல என்னென்ன பாக்கணும் அண்ணா?

இது பெரிய விஷயம், அவசரப்படாதீங்க. டிரெய்லருக்கு காரோட சேராம தனி ஆர்சி உண்டு. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனையும் டிரெய்லரையும் மத்திய அரசோட 2004 அறிவிப்புல நான்-டிரான்ஸ்போர்ட், அதாவது வாடகைக்கு ஓட்டாத வண்டிங்க பட்டியல்ல சேர்த்திருக்காங்க, அதனால ஆர்சியில வாகன வகை என்ன போட்டிருக்குன்னு பாருங்க, சரக்கு டிரெய்லர்னு இருந்து உள்ள கட்டில் போட்டிருந்தா அங்கேயே நின்னுடுங்க, ஏன்னு கடைசிக்குப் பக்கத்துல சொல்றேன். சேசிஸ்ல பொறிச்சிருக்குற நம்பரும் ஆர்சி நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும், துருவைத் தேய்ச்சு டார்ச் அடிச்சு நீங்களே படிங்க. எம் பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டு ஓனர், இன்சூரன்ஸ், லோன் இருக்கான்னு பாத்துக்கலாம். லோன் இருந்திருந்தா ஃபார்ம் 35ம் பேங்க் லெட்டரும் வேணும். பேர் மாத்த ஃபார்ம் 29, ஃபார்ம் 30. நான்-டிரான்ஸ்போர்ட் பதிவு 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும், அதனால 13, 14 வருஷம் ஆன டிரெய்லர்னா அந்தச் செலவையும் விலையில கழிச்சுப் பேசுங்க.

நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு: மோட்டார் வாகனச் சட்டம் 61வது பிரிவுப்படி டிரெய்லரோட சொந்த நம்பர் அதோட பக்கவாட்டுல இருக்கணும், இழுத்துட்டுப் போற காரோட நம்பர் டிரெய்லர் பின்னாடி தெரியணும். வாங்கின அன்னிக்கே உங்க கார் நம்பர்ல பிளேட் அடிச்சு மாட்டிடுங்க.

கோயம்புத்தூர்ல ஒண்ணு நல்லா இருக்கு, டிஎன் நம்பர். அப்படியே இங்க வெச்சு ஓட்டலாமா?

12 மாசத்துக்கு மேல கர்நாடகாவுல வெச்சிருந்தா இங்க நம்பர் மாத்தியாகணும், இது 47வது பிரிவு. அதுக்கு அங்க ஆர்டிஓகிட்ட ஃபார்ம் 28ல என்ஓசி, அப்புறம் இங்க வாழ்நாள் வரி. அந்த வரி சின்னத் தொகை இல்லைங்க, டிரெய்லரோட வயசு, மதிப்பு வெச்சு எவ்வளவு வரும்னு உங்க ஏரியா ஆர்டிஓல கேட்டுட்டு அப்புறம் பேரம் பேசுங்க. கோயம்புத்தூர்ல மலிவுன்னு வாங்கி வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டா இங்க கிடைக்கிறதை விட அதிகமாயிடறதைப் பாத்திருக்கேன்.

என்ஓசி கையில வராம முழுப்பணம் கொடுக்காதீங்க. "அடுத்த வாரம் அனுப்பிடறேன் சார்"னு சொன்னா அடுத்த வாரமே மீதிப் பணத்தையும் தர்றேன்னு சொல்லுங்க.

வெளிநாட்டுல இருந்து வந்த டிரெய்லர்னு ஒருத்தர் விக்கறார், குவாலிட்டி சூப்பரா இருக்கே?

குவாலிட்டி நல்லா இருக்கலாம், முதல்ல அது எப்படி உள்ள வந்துச்சுன்னு கேளுங்க. வெளிநாட்டுப் பயணிகள் கார்னேங்கிற பேப்பர்ல தற்காலிகமா கொண்டு வர்ற வண்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போகணும், இங்க விக்க முடியாது. முறையா இறக்குமதி பண்ணியிருந்தா கஸ்டம்ஸ் பேப்பர், இந்திய ஆர்சி ரெண்டும் இருக்கும். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் வேண்டாம்.

பேப்பர் சரியா இருந்தா கதவைப் பாருங்க. பிரிட்டன் டிரெய்லர்ல கதவு இடது பக்கம் இருக்கும், நமக்கும் ரோட்டு ஓரம் அதுதான். ஐரோப்பா, அமெரிக்கா டிரெய்லர்ல வலது பக்கம், அதாவது நம்ம ஊர்ல ரோட்டோரம் நிறுத்தினா பசங்க இறங்கறது நேரா டிராஃபிக்ல. அமெரிக்கா டிரெய்லர்ல கரண்டும் 120 வோல்ட், நம்ம 230 வோல்ட்டை அப்படியே சொருகினா ஏசி, மைக்ரோவேவ், சார்ஜர் எல்லாம் போயிடும். பிரேக்கும் வேற, ஐரோப்பா வகைல ஓவர்ரன் பிரேக், கார் வேகம் குறைஞ்சா டிரெய்லர் முன்னாடி தள்ளி தானே பிடிக்கும். அமெரிக்கா வகைல எலெக்ட்ரிக் பிரேக், அதுக்கு கார்ல கன்ட்ரோலர் வெச்சாகணும், வெக்கலைன்னா டிரெய்லர்ல பிரேக்கே இல்லாத மாதிரிதான்.

நேர்ல போய் பாக்கும்போது எதை முதல்ல பாக்கணும்?

உள்ள போய் சோபாவுல உக்காந்துடாதீங்க, உக்காந்தா மனசு விழுந்துடும். முதல்ல ஏணி போட்டு கூரை, அப்புறம் அடியில படுத்து சேசிஸ், கடைசியாத்தான் உள்ள. கூரையில வென்ட், ஏசி, ஆன்டெனா எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்காங்களோ அங்கெல்லாம் சீலன்ட் வெடிச்சிருக்கான்னு பாருங்க. அடியில வெல்டிங் மேல புதுசா கருப்பு பெயின்ட் மட்டும் தனியா பளபளன்னு இருந்தா ஏன்னு கேளுங்க, அச்சு வளைஞ்சிருந்தா ரெண்டு டயரும் ஒரே மாதிரி தேயாது.

உள்ள போனதும் மூக்கு சொல்லிடும், ரூம் ஃப்ரெஷ்னர் வாசனை தூக்கலா அடிச்சா சந்தேகப்படுங்க. மெத்தையைத் தூக்குங்க, மேல் அலமாரியோட உள்மூலை, ஜன்னல் கீழ் ஓரம், கதவுக்குப் பக்கத்துத் தரை, இந்த இடங்கள்ல கட்டை விரலால நல்லா அழுத்துங்க. பிளை நல்லா இருந்தா கல்லு மாதிரி நிக்கும், ஊறிப் போயிருந்தா விரல் லேசா உள்ள போய் ஒரு மொறமொறப்பு கேக்கும். டார்ச்சை சுவர்ல ஒட்டி சாய்ச்சு அடிச்சா நேர் வெளிச்சத்துல தெரியாத உப்பலும் அலையும் நிழலாத் தெரியும். ஈரம் பாக்குற மீட்டர் கிடைச்சா எடுத்துட்டுப் போங்க, 15 சதவீதத்துக்குள்ள இருந்தா கவலையில்லை, 20ஐத் தாண்டினா உள்ள மரம் கெட ஆரம்பிச்சிருக்கலாம். முடிஞ்சா மழை பெஞ்ச மறுநாள் போங்க, பெங்களூர்ல செப்டம்பர், அக்டோபர் அதுக்கு ரொம்ப வசதி.

சின்ன லீக்தான் இருக்கு, சிலிகான் அடிச்சா போதும்னு ஓனர் சொல்றாரே?

போதும்னா அவரே அடிச்சிருப்பாரு. தண்ணி ஒரு இடத்துல உள்ள போய் சட்டத்தோட ஓரமாவே ஓடி வேற இடத்துல எட்டிப்பாக்கும், நீங்க பாக்குற கறை லீக் இருக்குற இடமா இருக்காது. அதுல பாத்ரூம் சிலிகானை மேல அப்பிட்டா பிரச்சனை இன்னும் பெருசாகுது, ஒருதரம் சிலிகான் பட்ட இடத்துல வேற சீலன்ட் சரியா ஒட்டாது, சுரண்டி எடுத்துட்டுத்தான் மறுபடி பண்ணணும். சரியான முறை, அந்த பிட்டிங்கைக் கழட்டி, பழசைச் சுத்தம் பண்ணி, பியூட்டைல் டேப் (தண்ணி புகாத ரப்பர் பசை டேப்) போட்டு மறுபடி முறுக்கி, மேல கூரைக்குன்னே வர்ற சீலன்ட் போடறது.

முந்தின பதில்ல சொன்ன மாதிரி விரல் அழுந்துற இடம் ஒரு மூலையில மட்டும் இருந்தா விலையைக் குறைச்சு வாங்கலாம். தரையும் முன் சுவரும் சேர்ந்து ஊறியிருந்தா விட்டுடுங்க, அதைப் பிரிச்சு மரச்சட்டம் மாத்தற கூலியில வேற டிரெய்லரே தேடிடலாம். எதை வாங்கினாலும் பட்ஜெட்ல கால் பங்கு முதல் வருஷ ரிப்பேருக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டு மீதியில பாருங்க.

டயர் பட்டன் அப்படியே புதுசு மாதிரி இருக்கு, மாத்தணுமா?

டிரெய்லர் டயர் தேஞ்சு போறதை விட வயசாகித்தான் போகும், வருஷத்துல பாதி நாள் வெயில்ல சும்மா நிக்குதுல்ல. பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. அஞ்சு வருஷம் தாண்டினாலே பக்கவாட்டு வெடிப்பை அடிக்கடி பாருங்க, ஏழு வருஷம்னா எவ்வளவு பட்டன் இருந்தாலும் மாத்திடுங்க. ஜேசி ரோடு, கலாசிபாளையா பக்கம் டயர் வாங்கப் போனா சைஸ் மட்டும் சொல்லாதீங்க, லோட் இண்டெக்ஸும், அதாவது டயர் தாங்கற எடைக்கான நம்பரும் சொல்லுங்க. வீல் கழட்டி மாட்டினா முதல் 50, 80 கிலோமீட்டர்ல நிறுத்தி நட்டை மறுபடி டைட் பாக்கணும்.

பேரிங்கையும் சேர்த்தே சொல்லிடறேன். வருஷம் ஒருதரம் கிரீஸ் பாக்கணும், சீல் பண்ண ஹப்பா இருந்தா அந்த மாடலுக்கு என்ன சொல்லியிருக்கோ அதுதான், அல்கோங்கிற கம்பெனியோட சேசிஸ்ல சில ஹப் நட்டை ஒருதரம் கழட்டினா புது நட்டுதான் போடணும், பழசையே முறுக்கக் கூடாது. ஊருக்குப் போற வழியில கிருஷ்ணகிரி தாண்டி டீ குடிக்க நிறுத்துவீங்கல்ல, அப்ப இறங்கி முதல் வேலையா ரெண்டு பக்க ஹப் கிட்டயும் புறங்கையைக் கொண்டு போங்க, ரெண்டும் ஒரே சூடா இருந்தா சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாம கொதிச்சா பேரிங்கோ பிரேக்கோ பிடிக்குது, அதோட மேல போகாதீங்க.

ஏசி ஓடுமா? வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி 150 ஏஹெச் சும்மா இருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. 150 ஆம்பியர் ஹவர், 12 வோல்ட், மொத்தம் 1800 வாட் ஹவர். லெட் ஆசிட்ல பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு குறையும், அப்ப கையில இருக்கறது 900. சின்ன ஏசி 1000 வாட் இழுக்கும், ஒரு மணி நேரம் கூட வராது. ஏசி வேணும்னா கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்கிற இடத்துல நிறுத்துங்க. லைட், ஃபேன், மொபைல் சார்ஜ், 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்னா அதே பேட்டரி அளவும் ஒரு சோலார் பேனலும் தாராளம். இண்டக்‌ஷன் அடுப்பும் ஏசி கதைதான்.

வீட்டு டியூபுலர் பேட்டரியை டிரெய்லர்ல வெக்காதீங்க, ஒரே இடத்துல நிக்கறதுக்காகச் செஞ்சது அது, குலுங்கினா ஆசிட் சிந்தும். சீல் பண்ண டீப் சைக்கிள் இல்ல லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்க, லித்தியத்துக்கு சார்ஜரும் மாத்தணும். பழைய லெட் ஆசிட் எப்படி இருக்குன்னு பாக்க, சார்ஜரைக் கழட்டி சில மணி நேரம் விட்டு மீட்டர் வைங்க, 12.7 வோல்ட் பக்கம்னா முழுசு, 12.2ன்னா பாதி.

வீட்டு சிலிண்டரையே தூக்கிட்டுப் போகலாமா?

வேண்டாங்க. 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் உங்க வீட்டு அட்ரஸ்ல சமைக்கறதுக்குன்னு கொடுத்தது. ஊர் ஊராப் போறதுக்குன்னே 5 கிலோ ஃப்ரீ டிரேட் சிலிண்டர் இருக்கு, இண்டேன்ல சோட்டுன்னு விக்கறாங்க, அடையாள அட்டை காட்டினா டீலர்கிட்ட கிடைக்கும். ஓடும்போது ரெகுலேட்டரை மூடிடணும், சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி வெக்கணும். எல்பிஜி காத்தை விட கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும், அதனால தரையோட ஒட்டி ஒரு வென்ட் ஓட்டை இருக்கும், குளிருதுன்னு முந்தின ஓனர் துணி அடைச்சு வெச்சிருந்தா முதல்ல அதை எடுங்க. ஆரஞ்சு சுரக்‌ஷா டியூப் அஞ்சு வருஷத்துக்குள்ள மாத்திடுங்க, தேதி அதுலயே இருக்கும். சோப்புத் தண்ணி தடவி நுரை வருதான்னு பாக்கறது ரெண்டு நிமிஷ வேலை. உள்ள கேஸ் அடுப்பைக் குளிர்காய ராத்திரி எரிய விட்டுட்டுத் தூங்கவே கூடாது, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, ஒரு அலாரம் வாங்கி மாட்டுங்க.

தண்ணி டேங்க், டாய்லெட் எல்லாம் எப்படிச் சமாளிக்கறது?

பழைய டேங்க்குக்கு 100 லிட்டருக்கு 100 மில்லி அளவுல வாசனை சேர்க்காத சாதா ப்ளீச் கலந்து, எல்லாக் குழாயிலயும் வர்ற வரைக்கும் திறந்து விட்டு, ராத்திரி முழுக்க வெச்சுட்டு காலைல நாத்தம் போற வரைக்கும் கழுவி விடுங்க. நம்ம போர்வெல், டேங்கர் தண்ணி உப்பு ஜாஸ்தி, சின்ன கீசர்ல சீக்கிரம் வெள்ளையாப் படிஞ்சிடும், அப்பப்ப சிட்ரிக் ஆசிட் போட்டுக் கழுவணும். குடிக்கறதுக்கு எப்பவும் தனி கேன்.

டாய்லெட்டுக்கு அடியில இருந்து கழட்டி எடுக்கற கழிவுத் தொட்டியை, கேசட்னு சொல்வாங்க, அதை சாதாரண வீட்டு டாய்லெட்டுல கொட்டி தண்ணி ஊத்திடலாம். ராஜகாலுவேல கொட்டாதீங்க, அது மழைத்தண்ணிக் கால்வாய், நேரா ஏரிக்குத்தான் போகும். ஏற்கனவே நம்ம ஏரிங்க படுற பாடு போதும்.

தொப்பூர் இறக்கத்துல டிரெய்லர் ஆடுச்சு, உயிரே போயிடுச்சு. ஏன் ஆடுது?

பாதி காரணம் சாமான் ஏத்தற விதம். கனமானது எல்லாம் அச்சு மேல தரையோட இருக்கணும், பின்னாடி கொண்டு போய் வெச்சா ஆடும். கொக்கி மேல இறங்கற எடை அமெரிக்கா வகைக்கு மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம், ஐரோப்பா வகைக்கு 5ல இருந்து 7, ரெண்டுமே உங்க கார் பின்னாடி டிரெய்லர் மாட்டற டோ பாரோட அளவைத் தாண்டக் கூடாது. வீட்ல ஆள் எடை பாக்குற மெஷின் மேல ஒரு கட்டையை நிறுத்தி அதுல கொக்கியை இறக்கினா எடை தெரிஞ்சிடும்.

மீதி பாதி வேகம். தர்மபுரி தாண்டி சேலம் போற அந்த இறக்கத்துல லாரிங்களே பிரேக் பிடிக்காம எத்தனையோ தடவை கவிழ்ந்திருக்கு. இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கீழ் கியருக்கு வந்துடுங்க, இன்ஜினே பிடிச்சுக்கட்டும், பிரேக்கை அழுத்திட்டே வந்தா சூடாகி வேலை செய்யாது. ஆட ஆரம்பிச்சா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க, ஸ்டீயரிங்கை நேராப் பிடிங்க, திருப்பித் திருப்பிச் சரி பண்ணப் பாக்காதீங்க, காரோட பிரேக்கையும் ஓங்கி மிதிக்காதீங்க. எலெக்ட்ரிக் பிரேக் இருந்தா கன்ட்ரோலர்ல டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால கொடுங்க, இழுத்து நேராக்கிடும். நல்ல ரோட்லயும் 80ஐத் தாண்டறது எனக்குச் சரியாப் படலை.

ஊட்டி, ஏலகிரி, மைசூர் எக்ஸ்பிரஸ்வே எல்லாம் போக விடுவாங்களா?

மைசூர் எக்ஸ்பிரஸ்வேல 2023 ஆகஸ்ட் 1ல இருந்து பைக், ஆட்டோ, டிராக்டர், மல்டி ஆக்சில் ஹைட்ராலிக் டிரெய்லர் எல்லாம் மெயின் ரோட்ல வரக்கூடாதுன்னு தடை. அந்த ஹைட்ராலிக் டிரெய்லர் ராட்சச மெஷின் ஏத்தறது, உங்க கேரவன் இல்லை, ஆனா நிறுத்திக் கேட்டா காட்ட ஆர்சி கையில இருக்கட்டும். பந்திப்பூர் வழியா ஊட்டி, வயநாடு ரெண்டு ரோடும் ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் மூடிடுவாங்க, குண்டல்பேட்டை தாண்டறதை சாயங்காலத்துக்குள்ள வெச்சுக்கங்க. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7ல இருந்து இ பாஸ் வேணும்.

மசினகுடி கல்லட்டி ரோட்ல 36 ஹேர்பின், டிரெய்லரோட அங்க போகாதீங்க. ஏலகிரியில 14தான், ஆனா முதல் வருஷம் அதுவும் வேண்டாம், அடிவாரத்துல நிறுத்திட்டு கார்ல ஏறுங்க.

அப்பார்ட்மென்ட்ல நிறுத்த விடலை. ஓசூர்ல மாமா இடத்துல ஆறு மாசம் விட்டா கெட்டுடுமா?

ஒழுங்கா விட்டா கெடாது. தண்ணி முழுக்க இறக்கிடுங்க, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தே வைங்க, மெத்தையை நிமிர்த்தி வைங்க, பேட்டரியைக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்து அப்பப்ப சார்ஜ் போடுங்க. ஹேண்ட் பிரேக் போட்டு மாசக்கணக்குல விட்டா பிரேக் ஷூ ஒட்டிக்கும், சமதரையில வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துட்டு பிரேக்கை விட்டுடுங்க. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீங்க, உள்ள வேர்த்து ஈரம் தங்கும், காத்து போற கவர் வேணும். எலி வயரைக் கடிக்கும், அடியில பைப் நுழையற ஓட்டையெல்லாம் கம்பி வலையால அடைச்சிடுங்க, கேஸ் வென்ட்டை மட்டும் அடைக்கக் கூடாது. மாமாகிட்ட மழைக்கு அப்புறம் ஒருதரம் உள்ள போய் மோந்து பாக்கச் சொல்லுங்க.

சரக்கு டிரெய்லர் மலிவா கிடைக்குது, பீன்யாவுல வெல்டிங் பண்ணி நாமளே கேரவனாக்கிடலாமா?

வேலை தெரிஞ்ச ஆளுங்க பீன்யாவுல இருக்காங்க, அதுல சந்தேகமே இல்லை, பிரச்சனை சட்டத்துல. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்சியில இருக்குற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது, சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில இதையே உறுதியாச் சொல்லிடுச்சு. மாத்தின டிரெய்லர் விபத்துல மாட்டினா இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கைவிரிக்க அது ஒண்ணு போதும். பேப்பர் கேள்வியில சரக்கு டிரெய்லர்னு இருந்தா நின்னுடுங்கன்னு சொன்னது இதுக்குத்தான். உள்ள மெத்தை, திரை, லைட்டுன்னு அழகு பண்றது வேற, உடம்பையே மாத்தறது வேற.

இன்சூரன்ஸ் காருக்கே இருக்கே, டிரெய்லருக்கும் சேர்ந்துதானே?

தானா சேராது. கார் பாலிசியில டிரெய்லர் இழுக்கறதைச் சேர்த்து எழுத்துல எண்டார்ஸ்மென்ட் வாங்குங்க, டிரெய்லரோட ஆர்சி நம்பரும் அதுல வரணும். பழைய ஓனரோட பாலிசி இருந்தா வாங்கின 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுக்கணும், அவரோட நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவர் கூடவே போயிடும்.

பிடிக்கலைன்னா வித்துடலாம்ல? விக்கும்போது எதுல மாட்டுவோம்?

பேர் மாத்தாம சாவியைக் கொடுக்கறதுலதான். ஆர்சி உங்க பேர்ல இருக்குற வரைக்கும் நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். அதே மாநிலத்துக்குள்ளன்னா 14 நாளுக்குள்ள, வெளி மாநிலம்னா 45 நாளுக்குள்ள வித்ததை நீங்க ஆர்டிஓவுக்குச் சொல்லணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள அவர் பக்கம் சொல்லணும். ஃபார்ம் 29, 30ல தேதி போடாம வெறும் கையெழுத்து போட்டுக் கொடுக்காதீங்க. டெலிவரி கொடுத்த தேதி, நேரம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட ஒரு காப்பியை வெச்சுக்கங்க, பேர் மாறிடுச்சான்னு பரிவாகன்ல நீங்களே பாத்துட்டு அப்புறம் அந்த ஃபைலை எடுத்து வைங்க.